பயிர் கேட்கும் தூரம்

நாலுவேலிக்காட்டில் கார்த்திகை பிறந்துவிட்டால் யாரும் தைலம் பூசக் கூடாது. மண்டை பிளக்கட்டும், இடுப்பு ஒடியட்டும், சுக்கை உரசிப் பற்றுப் போட்டுக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டியதுதான். மீறிப் பூசினால் நாலு வீடு தள்ளியே மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள். "யாருடா அது, பயிருக்குக் கேக்குறாப்புல பூசிக்கிட்டுத் திரியிறது?" என்று வாசலில் சண்டை. ஒரு வருஷம் ஊருக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளை ஒருவர் விவரம் தெரியாமல் நெற்றி நிறையத் தைலத்தோடு வரப்பில் உலாத்தப் போனார். பிடித்து வாய்க்காலில் முக்கி எடுத்துவிட்டார்கள். மாமியார் வீட்டு மரியாதை அப்படி.

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். உள்ளூர்க்காரர்களுக்கு வயிற்றுப்பாடு. ஊருக்கு வடகிழக்கே மணல்மேட்டில் கம்பெனிக்காரன் கட்டிய கண்ணாடிக் கொட்டகை கற்றுக்கொடுத்த பாடம் அது. உள்ளே வளர்வது புகையிலை. மென்று துப்புகிற புகையிலை இல்லை, மருந்துப் புகையிலை. அதற்கு வேண்டுமென்றே நோய் கொடுப்பார்கள். நோய்கண்ட செடி ஒரு வாசனையை விட்டுப் பக்கத்துச் செடிகளை எச்சரிக்கும். அந்த வாசனை அச்சு அசல் தைல வாசனை. கொட்டகை வந்த முதல் வருஷம் அது வாடைக்காற்றில் ஏறி வயலுக்குப் போயிற்று. நெல் அப்போது தொண்டைக்கதிரில் நின்றது. கதிர் வெளியே தள்ளாமல் தண்டுக்குள் சூலாக இருக்கிற பருவம். 'ஐயோ, நோய் வருது' என்று மிரண்ட பயிர், மணிக்குப் போக வேண்டிய சத்தையெல்லாம் எதிர்ப்புக்குத் திருப்பிவிட்டது. அறுத்துப் பார்த்தால் களம் முழுக்கப் பதர்.

கொட்டகையைக் கொளுத்தக் கிளம்பியவர்களைத் தாசில்தார் வந்து மறித்து ஒரு ஏற்பாடு செய்தார். தொண்டைக்கதிர் நாள்களில் கூரை ஜன்னல்கள் பூட்டிக் கிடக்க வேண்டும். பூட்டு கம்பெனியுடையது, சாவி ஊருடையது. அந்தச் சாவியை ஊர் மாசிலாமணியிடம் கொடுத்தது. கொட்டகைக்கு மேற்பார்வையாளர் அரசி என்கிற மங்கையர்க்கரசி, மாசிலாமணியின் கூடப்பிறந்த தங்கை. இந்தக் கூத்தை யாரோ சுட்டிக்காட்டியபோது ஊர்ப்பெரியவர் ஒருவர் சொன்னாராம்: "அதனாலதான் அவன்கிட்ட குடுக்குறோம். தங்கச்சிக்கே மசியாதவன் வேற எவனுக்கும் மசிய மாட்டான்."

அந்தக் கார்த்திகையில் புயல் ஒன்று கடலோரமாகத் தடவிவிட்டுப் போயிற்று. கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் போய்விட, கொட்டகையின் குளிர்க்காற்று எந்திரம் ஜெனரேட்டரை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. புயலுக்கு மறுநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. உச்சிப்பொழுதில் ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

அரசி ஓடிப்போய் உதைத்துப் பார்த்தாள், டீசலை ஊற்றிப் பார்த்தாள், அதன் பரம்பரையையே திட்டியும் பார்த்தாள். அசையவில்லை. வேலைக்காரப் பெண்கள் சாக்குகளை நனைத்துக் கண்ணாடிமேல் வீசினார்கள். உள்ளே சுவரில் தொங்கிய வெப்பமானியில் சிவப்புக்கோடு இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. இருபத்தெட்டைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது.

முடிந்தது என்றால் கோதண்டபாணியும் முடிந்தான். கோதண்டபாணி அவள் புருஷன், உப்பு லாரி ஓட்டுகிறவன். வெள்ளைக் காய்ச்சல் கண்டு மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடந்தான். ரத்தத்தில் பூஞ்சை படர்கிற அந்தக் காய்ச்சலுக்கு இருந்த மாத்திரைகளெல்லாம் கேட்காமல்போய் வருஷங்களாகிவிட்டன. இப்போது கேட்கிறது ஒன்றே ஒன்றுதான். நோய்வாய்ப்பட்ட செடி தன்னைக் காத்துக்கொள்ள இலையில் சுரக்கிற புரதம் பூஞ்சையின் தோலைக் கிழித்துவிடும். அதை வடித்து ஊசியாகப் போடுகிறார்கள். சேர்த்து வைக்கவும் முடியாது, குளிர்பெட்டியில் வைத்தாலும் நாலு நாளில் கெட்டுவிடும். அடுத்த ஊசிக்கான இலை அரசியின் கண்ணெதிரே, அவள் கையாலேயே நோய் தேய்த்த செடிகளில் ஊறிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியலில் பறிக்க வேண்டியது.

சென்னையிலிருக்கும் அதிகாரி ஜெபக்குமாருக்குப் போன் போட்டாள்.

"ரோடெல்லாம் தண்ணிம்மா. மெக்கானிக் ராத்திரிக்கு முன்னாடி வர முடியாது" என்றார் அவர்.

"அப்ப ஜன்னலைத் தொறந்தாத்தான் சார் உண்டு. வெளிய வாடை நல்லா வீசுது. உள்ள இருக்குற சூட்டை அள்ளிட்டுப் போயிரும்."

"ஐயையோ, அதை மட்டும் செஞ்சிடாதீங்க. ஒப்பந்தம் மீறினா கேஸ் ஆயிடும். இந்தத் தடவை இலை போனா போகட்டும். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவைக்கு எங்க வீட்டுக்காரரு இருக்கணுமே சார்."

"எனக்குப் புரியுதும்மா" என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அரசி போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அண்ணனுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஜெனரேட்டர் சத்தம் நின்றதைக் கேட்டு மாசிலாமணியே சேறு ஒட்டிய காலோடு மணல்மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"என்ன புள்ள, மிஷினு நின்னுபோச்சா?"

"ஆமாண்ணே. சாவி குடு."

மாசிலாமணி நின்ற இடத்திலேயே நின்றார். இடுப்பு பெல்ட்டுப் பைக்கு அவர் கை தானாகப் போயிற்று.

"பயிரு எந்தப் பருவத்துல நிக்கிதுன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன்."

"இப்பவே எலையப் பறிச்சிடறதுதானே?"

"வயித்துப்புள்ளைய ஏழாம் மாசமே எடுன்னு சொல்ற மாதிரி இருக்கு நீ சொல்றது. நாளைக்கிக் காலையிலதான் நெறையும். இன்னைக்கிப் பறிச்சா பாதி மருந்துகூடத் தேறாது."

"சூடானா செத்தா போயிரும் செடி? புகையிலைதானே, நம்ம ஊரு வெயிலப் பாக்காததா?"

"சாவாதுண்ணே, அதுதான் வயித்தெரிச்சல். நல்லா பச்சப்பசேல்னு நிக்கும். ஆனா தோத்துப்போயி நிக்கும். குளுமையா இருக்குறவரைக்கும் அடியெலையிலயே நோயைக் கட்டிப்போட்டுட்டு மேலெலையில மருந்து ஊறவைக்கும். சூடு ஏறுச்சுன்னா எதுக்குறதையே விட்டுரும். நோயி உச்சி வரைக்கும் ஏறிரும். அப்பறம் அது வெறுந்தழைதான், ஆட்டுக்குக்கூட ஆவாது."

மாசிலாமணி கொட்டகையைப் பார்த்தார். கண்ணாடிக்கு உள்ளே வரிசைவரிசையாகச் செடிகள் சாதுவாக நின்றன.

"மச்சானுக்கு எப்பிடி இருக்கு?"

"நாளைக்குள்ள ஊசி போடலேன்னா மூளைக்கு ஏறிரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வார்டுல அவரோட சேத்து இன்னும் எத்தனையோ பேரு இதே மருந்துக்குக் காத்துக்கிட்டுக் கெடக்குறாங்க. ஆனா உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேண்ணே. அவுங்களுக்காக நான் வந்து நிக்கல. அவருக்காகத்தான் நிக்கிறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். அண்ணன் முன்னால் அவள் அழுது பல வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"என் வயலு மட்டும்னா நீ கேக்குறதுக்கு முன்னாடியே தொறந்திருப்பேன்" என்றார் மாசிலாமணி. "இது ஊருச்சாவி புள்ள. அன்னைக்கிப் பதரானப்ப வைரக்கண்ணு என்ன பண்ணான்? பூச்சிமருந்து டப்பாவோட வரப்புல கெடந்தவன நாந்தான் தோளுல போட்டுத் தூக்கியாந்தேன். அவன் வாயிலேர்ந்து நுரை நுரையா வந்துச்சு. பொழைச்சது சாமி புண்ணியம். நான் இப்ப இதைக் குடுத்தா, நாளைக்கி எத்தனை பேரத் தூக்கணும் சொல்லு."

"அப்ப உன் மச்சான் சாவட்டும்ங்குற."

"அப்பிடிச் சொல்லாத அரசி!"

"வேற எப்பிடிச் சொல்லச் சொல்ற?"

உள்ளேயிருந்து ஒரு பெண் தலையை நீட்டி, "அக்கா, இருபத்தாறரை!" என்று கத்தினாள். அதே நேரம் மேற்கே வரப்பின்மேல் ஆட்கள் வருவது தெரிந்தது. ஜெனரேட்டர் நின்றது மாசிலாமணி காதில் மட்டுமா விழுந்திருக்கும்? முன்னால் வந்தவன் வைரக்கண்ணு. கையில் மண்வெட்டி. அவன் பின்னால் வந்தவர்கள் கையிலும் ஏதேதோ இருந்தன.

அவர்கள் வந்து சேர்ந்துவிட்டால் கொட்டகையைச் சுற்றி நின்றுகொள்வார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் சோறு அது. அண்ணன் காலில் விழுந்துவிடலாமா என்று அரசி நினைத்தாள். பெல்ட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்றும் நினைத்தாள். இரண்டுக்கும் உடம்பு வரவில்லை.

மாசிலாமணி பையைத் திறந்து சாவியை வெளியே எடுத்தார். அவள் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"சாவி எங்கிட்டதான் இருக்கு. நான் யாருக்கும் குடுக்கல. இதை நான் எந்தக் கோயில்ல வேணாலும் சூடம் அணைச்சுச் சொல்லலாம்" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "கண்ணாடிக்குச் சாவி எதுவும் கெடையாதுல்ல?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் விறுவிறுவென்று மேட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களை நோக்கி நடந்தார். அரசிக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் வாசலோரம் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு, சாக்கு வீசச் சாத்தியிருந்த ஏணியில் ஏறினாள். கீழே வரப்பில் அண்ணன் இரண்டு கையையும் விரித்து ஆட்களை மறித்துக்கொண்டு என்னவோ பேசுவது தெரிந்தது. அவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மட்டும் கொட்டகைப் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் கண்ணாடி உடைந்த சத்தத்தில் வரப்பில் எல்லாப் பேச்சும் நின்றது. அவள் அடுத்ததை உடைத்தாள். அதற்கடுத்ததையும். சில்லு தெறித்து முழங்கையில் ரத்தம் வழிந்தது. சூடான காற்று குப்பென்று முகத்தில் அடித்தது, அதிலிருந்த தைல வாசனை கண்ணைக் கரித்தது. தலைக்கு மேலே போய், வாடையோடு கலந்து, அது வயலுக்கு இறங்கியது.

மறுநாள் விடியலில் இலை பறித்தார்கள். அன்று சாயங்காலமே கோதண்டபாணிக்கு ஊசி போட்டாயிற்று. மூன்றாவது ஊசியில் காய்ச்சல் விட்டு, "பசிக்குது, மீன்குழம்பு இருக்கா?" என்று கேட்டான். அரசி ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், அவளுக்கே எது எது என்று தெரியவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "நீ அங்கதானே நின்ன?" என்று மாசிலாமணியைக் கேட்டார்கள். அவர் சாவியை எடுத்துக் காட்டினார். பூட்டும் பூட்டியபடியே இருந்தது. யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை, யாரும் நம்பவும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அரசியிடம் கடைக்காரன்கூடப் பேச்சை நிறுத்தினான். தை மாதம் அறுத்தபோது எல்லாரும் பயந்தபடியே பதர். கொட்டகைக்கு ஒட்டின வயல் மாசிலாமணியுடையது. தூற்றியபோது அவர் நெல் பாதிக்குமேல் காற்றோடு போயிற்று. தங்கச்சி வீட்டுக்கு வந்து மச்சானைப் பார்த்துவிட்டுப் போனார். அறுவடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நஷ்ட ஈடு மதிப்பிடுவதற்காக என்று அறுவடைக்கு முன்பே கம்பெனி ஆட்கள் வந்து எல்லா வயலிலும் தாளும் தோகையும் வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பங்குனியில் ஜெபக்குமாரே நேரில் வந்து இறங்கினார். கேஸ் போடத்தான் வருகிறார் என்று அரசி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"அரசிம்மா, அந்த நெல்லுத்தோகையில என்ன இருந்தது தெரியுமா? அதே புரதம். புகையிலையில கிடைக்கிறதைவிட அதிகம்! நாங்க இத்தனை வருஷமா முட்டாள்தனமா செடிக்கு நோயைக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கோம். நெல்லுக்கு நோயே வேண்டாம். வருதுன்னு சொன்னாலே போதும், நம்பிடுது."

"அப்ப கொட்டகை சார்?"

"கொட்டகை எதுக்கு இனிமே? வாசனையை வாங்கி வயல்ல தெளிச்சா ஆச்சு. குளிர்க்காற்று வேண்டாம், கண்ணாடி வேண்டாம். ஒரு ஊரு வயல்ல அறுக்கிற தோகை இந்த ஜில்லாவுக்கே மருந்தாகும்."

ஆகத்தான் செய்தது. நெல் விற்றால் கிடைப்பதைவிடத் தோகைக்குக் கூடக் கிடைத்தது. விளையுமா விளையாதா என்று வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கதிர் முற்றக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. சித்திரை முடிவதற்குள் ஊரே கையெழுத்துப் போட்டது. பேச்சை நிறுத்தியவர்கள் பலகாரத்தோடு வந்தார்கள். வைரக்கண்ணு அவள் வாசலில் நின்று, "மகராசி, உன் கைதான் எங்க குடும்பத்தத் தூக்கிவிட்டுச்சு" என்று கும்பிட்டான். குறுவைத் தோகை போன பிறகு வெள்ளைக் காய்ச்சல் வார்டுகளில் சாவு பாதியாகக் குறைந்ததாகப் பேப்பரில் போட்டார்கள். அரிசி வெளியூரிலிருந்து லாரியில் வந்தது. அரசி இப்போது வயல் மேற்பார்வையாளர். எந்த வயலுக்கு எப்போது தெளிப்பது என்பது அவள் சொல்வதுதான்.

கையெழுத்துப் போடாதது மாசிலாமணி ஒருவர். "நான் நெல்லு வெதைக்கிறேன், நெல்லு அறுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் குறுவை போடுவதுமில்லை. ஆளை விட்டுவிட்டார்கள்.

அடுத்த கார்த்திகையில் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்துக்கு அவர் தங்கை வீட்டுக்கு வந்தார். கோதண்டபாணி வாசலில் லாரிச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வாங்க மச்சான், என்ன இந்தப் பக்கம் காத்து அடிக்குது?" என்று கேலியாகக் கேட்டான். கன்னம் உப்பி ஆள் நன்றாகத் தேறியிருந்தான். மாசிலாமணி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே வந்தார். அரசி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நாளையிலேர்ந்து தெளிக்கிறதாக் கேள்விப்பட்டேன்."

"ஆமாண்ணே. எல்லாம் தொண்டைக்கதிருக்கு வந்துருச்சு. இப்ப தெளிச்சாத்தான் சரியா இருக்கும்."

"என் வயலும் தொண்டைக்கதிர்லதான் நிக்கிது."

அரசி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என் வயல்ல தெளிக்க மாட்டீங்க, சரி. ஆனா நாலு பக்கமும் தெளிச்சா என் பயிருக்குக் கேக்காமலா இருக்கும்? காதைப் பொத்திக்கடான்னு சொல்ல முடியுமா? ஒரே ஒரு வாரம் நிறுத்திவை. அதுக்குள்ள கதிரு வெளிய வந்துரும். அப்பறம் ஊரே தைலத்துல மெதக்கட்டும், நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"ஒரு வாரம் விட்டா மத்த வயல்லயும் கதிர் வெளிய வந்துரும்ணே. அப்பறம் தோகையில ஒண்ணும் ஊறாது. இந்தப் போகத்து மருந்தே போயிரும்."

"அது எனக்கும் தெரியுது. அதான் கேக்க வந்தேன்."

மழை விட்டதிலிருந்து வார்டு நிரம்பி வழிவதாகவும், நோயாளிகளின் வீட்டார் ஒவ்வொரு நாளும் மருந்து எங்கே எங்கே என்று கேட்பதாகவும் டாக்டரம்மா காலையில்தான் போன் பண்ணியிருந்தார். பெயர் தெரியாத எவளோ ஒருத்தி அந்த வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பாள் என்று அரசி நினைத்தாள். வெளியே கோதண்டபாணி சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிறதே என்பதற்கே அவள் எதிரே இருந்த அண்ணனுக்குக் கடன்பட்டிருந்தாள்.

"முடியாதுண்ணே" என்றாள். "அங்க சாவக் கெடக்குறாங்கண்ணே. நான் எப்பிடி? என் எடத்துல நீ இருந்தாலும் இதைத்தானே சொல்லுவ?"

மாசிலாமணி காப்பியைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உன் எடத்துல நான் இருந்திருக்கேன் அரசி" என்றார். "நான் அப்பிடிச் சொல்லலையே."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், மச்சானுக்குச் சக்கரத்தைத் தூக்கி மாட்ட ஒரு கை கொடுத்துவிட்டு, வயல் பக்கமாக நடந்தார்.